எஸ்தரா, வெல்டிங் மிஷினா?

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து எழுதியது.

கர்த்தருக்குள் பிரியமும் மரியாதையும் உள்ள மச்சான் யேசுதாஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை எஸ்தரைக் கட்டிய அந்தோணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் உடம்பளவில் நான் சுகம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் போன் செய்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். பக்கத்தில் எஸ்தர் மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. அந்த மூச்சுக்கு முன்னால் என் நியாயத்தைப் பேச எனக்கு நாக்கு எழுவதில்லை. ஆகையால் இதை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்த் தனியாகப் படியுங்கள். அவளை எப்படியாவது சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பி வையுங்கள் மச்சான். விஷயம் இவ்வளவுதான், மீதியெல்லாம் விளக்கம்.

எல்லாம் துணி காயப்போடும் ஸ்டாண்டில் ஆரம்பித்தது. அதன் கால் உடைந்தது, பட்டறைக்காரன் இன்றைக்கு வா நாளைக்கு வா என்று இழுத்தடித்தான், நானும் பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்றுச் சும்மாதான் இருக்கிறேன். யூடியூபில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே இரும்பை ஒட்டுகிறான். இவ்வளவுதானா என்று தோன்றிவிட்டது, கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்ன வெல்டிங் மிஷினைக் கூரியரில் வரவழைத்துவிட்டேன். முதல் நாள் வெல்டிங் ராடை வைத்தேன், அது ஸ்டாண்டோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், ஸ்டாண்டும் கூடவே வந்தது. பையன் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தான், என்னிடம்தான் கூலிங் கிளாஸ் இருக்கிறதே என்று அதையே போட்டுக்கொண்டேன். ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். எஸ்தர் உருளைக்கிழங்கைச் சீவி என் கண்மேல் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பொரியல் செய்தாள். அன்றைக்கு அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அப்புறம் பெரிய காஞ்சிபுரத்தில் இம்தியாஸின் இரும்புக் கடைக்குப் போய், நெருப்பைப் பார்த்ததும் தானாகவே கறுத்துக்கொள்ளும் ஹெல்மெட் ஒன்று வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டே கதவைத் திறந்ததில் சிலிண்டர் கொண்டுவந்தவர் சிலிண்டரை விட்டுவிட்டு ஓடினார், அது என் தப்பா? பிறகு மழை வந்து ராடெல்லாம் நமுத்துப்போனது. நமுத்த ராடை ஓவனில் சூடு காட்ட வேண்டும் என்று வீடியோவில் இருந்தது, வீட்டில் இருக்கும் ஒரே ஓவன் எஸ்தர் கிறிஸ்துமஸ் கேக் செய்கிற ஓவன்தான். அந்த வருஷக் கேக்கில் லேசாக ஒரு பட்டறை வாசனை அடித்தது உண்மை. நீங்களே சாப்பிட்டீர்கள், முந்திரி கருகியிருக்கிறது என்று சொன்னீர்கள், நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இதற்குப் பிறகுதான் ஸ்டூல். சதுரக் குழாயில் செய்தது. குழாய் மெல்லிசு, மிஷினில் கரண்டைக் கூட்டினால் ஓட்டை விழுகிறது, குறைத்தால் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஓட்டைகளை எம்சீல் பசை வைத்து அடைத்து, பெயிண்ட் அடித்து, வீட்டு ஜெபத்துக்குப் பாஸ்டர் வந்தபோது அவரை அதில் உட்கார வைத்தேன். ஜெபத்தின் நடுவில் ஒரு கால் மெதுவாகக் கழன்றுகொண்டது. நல்ல மனுஷன், நிறுத்தாமல் தரையில் இருந்தபடியே முடித்துவிட்டுத்தான் எழுந்தார். எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். ஜெபம் முடிந்து வெகுநேரம் ஆகியும் திறக்கவில்லை.

ஸ்டூலை எடுத்துக்கொண்டு இம்தியாஸிடம் போனேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தப்பு உங்க மேல இல்ல சார். உங்க கை இந்த மிஷினைத் தாண்டிப் போயிடுச்சு" என்றான். என்னை இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை மச்சான். சின்ன மிஷினைக் கொடுத்துவிட்டு ஒயர் மிஷின் எடுத்துக்கொண்டேன். அதில் ராடே கிடையாது, பொத்தானை அழுத்தினால் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும், கேஸும் வேண்டாம். பொறி மட்டும் கொஞ்சம் தாராளமாகப் பறக்கும் என்றான். எனக்கு அது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

எங்கள் தெருவில் பகலெல்லாம் வோல்டேஜ் ஏறி இறங்கும். நான் பொத்தானை அழுத்தினால் அக்கம்பக்கத்து லைட்டெல்லாம் மங்கும், தறியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அங்கிருந்தே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். விடியற்காலையில்தான் கரண்ட் சீராக வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் எங்கள் தெருவில் விடியற்காலை யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். தறிக்குப் பாவு நீட்டுகிற நேரம். தெரு நீளத்துக்குப் பட்டு இழையை இழுத்துக் கட்டியிருப்பார்கள், பால்காரன்கூடச் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவான். எனக்கும் தெரியும். அன்றைக்கு வோல்டேஜ் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

வாசல் கேட்டின் கீல் விட்டிருந்தது, அதற்கு வைத்தேன். எதிர்வீட்டுக் குமாரவேல் அரக்கு நிறக் கல்யாணப் புடவைப் பாவு நீட்டியிருந்தார். நான் ஹெல்மெட்டுக்குள் இருந்தேன், வெல்டிங் வைக்கிற இடத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. திடீரென்று தெருவே கூச்சல் போட்டது. ஆண்டவர் அறிய உண்மையைச் சொல்கிறேன், பாராட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் ஒரு அங்குலம் சேர்த்து வைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் பொறி பட்ட இடத்தில் இழைகள் கருகி அறுந்து தொங்குகின்றன. குமாரவேல் சண்டைக்கு வரவில்லை. அறுந்த இழைகளைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "இன்னாண்ணே, இதையும் வெல்டிங் வெச்சுக் குடுப்பியா?" என்று கேட்டார். நாலு அறை அறைந்திருக்கலாம்.

எஸ்தர் நேரே போய்க் குமாரவேல் வீட்டம்மாவோடு வெயில் ஏறுகிறவரைக்கும் உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். திரும்பி வந்து பையை எடுத்தாள். "இந்த வூட்ல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். யாருன்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க, எங்கண்ணன் வூட்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

முடிவு பண்ணிவிட்டேன் மச்சான். மிஷினை இம்தியாஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஹெல்மெட்டையும் கொடுத்துவிட்டேன். இனி இந்தக் கையால் பென்சிலும் வேதப்புத்தகமும் தவிர எதையும் தொட மாட்டேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது. நான் வைக்கிற ரசத்தை நானே குடிக்கிறேன், யாரும் குறை சொல்வதில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அவள் இல்லாமல் முடியவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லலாம்.

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டில் தங்கி, அப்படியே எங்கள் வீட்டுக்கும் ஒரு நடை வந்துபோவாராக.

இப்படிக்கு,
திருந்திய உங்கள் மைத்துனன்,
அந்தோணி.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் எஸ்தர் வந்து நிற்கிறாள். நீங்கள்தான் பஸ் ஏற்றிவிட்டீர்களாம், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மிஷினைக் கொடுத்துவிட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அது நாளைக் காலையில் கொடுப்பதாக இருந்ததை முன்கூட்டியே எழுதியது. வந்ததும் நேரே மிஷின் இருக்கிற கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். நான் எல்லாவற்றுக்கும் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "கம்பி மிச்சம் இருக்குதா?" என்று கேட்டாள். அக்காவுக்கு மூட்டுவலி, உங்கள் மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, "எங்க வூட்டுக்காரர் ரெண்டு நாள்ல போட்டுக் குடுத்துடுவாரு, வெளியில ஆள் வெச்சா அவரு அளவுக்கு வராது" என்று எல்லார் முன்னாலும் அங்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறாளாம். படிக்கு நூல் பிடித்து அளவும் எடுத்து வந்திருக்கிறாள். வீட்டில் என்னை அப்படிச் சொன்னதே இல்லை மச்சான், இதை எழுதும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகையால் மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மிஷினோடு வருகிறோம், உங்கள் வீட்டில் வோல்டேஜ் எப்படி என்று மட்டும் சொல்லுங்கள். அக்கா பச்சைப் பெயிண்ட் கேட்டார்களாம். எஸ்தர் நீலம் என்கிறாள். நீலம்தான்.