அமெரிக்கப் போனும் உம்பாய்ச் சம்பந்தமும்

அன்புள்ள மச்சான் தனபாலனுக்கு,

மலாக்கா ரெம்பியாவிலிருந்து உன் அத்தான் திருச்செல்வம் எழுதுவது. நம் தோட்டத்து மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அக்காள் மங்களமும் உன் மருமகள் அகல்யாவும் சௌக்கியம். சிகாகோவில் நீயும் உன் வீட்டாரும் குளிரில் விறைக்காமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா, ஒரு போன் போட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். கேள், நன்றாகக் கேள். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

தீபாவளிக்கு நீ ஆள் மூலம் கொடுத்தனுப்பிய போன் பத்திரமாக வந்து சேர்ந்தது. மங்களம் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தாள். முப்பத்திரண்டு வருடம் இந்தச் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதியவன் நான். என் கையில் இப்படி ஒரு பொருள் இருந்ததில்லை என்பதை மறைக்கவில்லை. கோவில் கமிட்டிக் கூட்டத்தில் மணி பார்க்கிற சாக்கில் அதை நான்கு தரம் வெளியே எடுத்தேன். இதில் சிம் கார்டு போட ஓட்டையே கிடையாது, நம்பரை அப்படியே உள்ளே ஏற்றிவிட்டார்கள் என்று நான் சொன்னபோது கோவில் தலைவர் பேச்சற்றுப் போனார். வீட்டுக்கு வந்து பார்த்தால் போனும் பேச்சற்றுப் போயிருந்தது. சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. பக்கத்திலேயே, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய மங்களத்தின் மலிவுப் போன், அரிசி டின் மேல் உட்கார்ந்துகொண்டு நான்கு கோடு காட்டியது.

நான் சும்மா இருந்துவிடவில்லை மச்சான். அணைத்துப் போட்டேன், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினேன், ஆட்டுக் கொட்டகைக் கூரையில் நின்றேன், ஆடுகள் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். கடைசியில் மஸ்ஜித் தானாவில் போன் கடை வைத்திருக்கும் நம் திலீபனிடம் கொண்டுபோனேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செட்டு மேல குத்தம் இல்ல அங்கிள். இதுல பேண்ட் இருபத்தெட்டும் இல்ல, எட்டும் இல்ல. அதான் பிரச்சன" என்றான்.

"இல்லன்னா? கழண்டு விழுந்திருச்சா?"

"ஐயோ, அப்படி இல்ல லா. பேண்ட்னா அலைவரிசை. டவர் ஒவ்வொரு பேண்ட்லயும் பேசும். டவுன்ல மூணு, ஏழு எல்லாம் வரும். அது வேகமா போவும், ஆனா தூரம் போவாது. உங்க தோட்டத்துப் பக்கம் டவர் எங்கயோ இருக்கு. அங்க வந்து சேர்றது இருபத்தெட்டும் எட்டும்தான். இது அமெரிக்காவுக்குன்னு செஞ்ச செட்டு. அவன் அவன் ஊருக்கு வேணுங்கறத மட்டும்தான் போட்டிருக்கான்."

எழுநூறு டாலர் கொடுத்தேன் என்று நீயே சொன்னாய். அத்தனை டாலர் வாங்குகிறவனுக்கு இருபத்தெட்டு வரைக்கும் எண்ணத் தெரியவில்லையா என்று கேட்டேன். திலீபன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அகல்யாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கடற்கரைப் பக்கம் உம்பாய் ஊர்க்காரர்கள். ஐஸ் லோரி வைத்திருக்கும் புவனேஸ்வரனின் மகன், பெயர் குகன், ஆயர் குரோவில் தொழிற்சாலை என்ஜினியர். தங்கமான பையன், வடையைக்கூடக் கேட்டுத்தான் எடுத்தான். எல்லாம் பிடித்திருந்தது. ஒன்றே ஒன்று, கல்யாணத்தை மலாக்கா டவுனில் ஹோட்டல் மண்டபத்தில் வைக்கவேண்டும் என்று பையனின் அம்மா ஜாடையாகச் சொன்னார். எனக்கு நம் மாரியம்மன் கோவிலில் வைக்கத்தான் ஆசையும், சக்தியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள் நல்ல நேரம், அப்போது போனில் பேசி முடிவு சொல்கிறோம் என்றார்கள். மங்களம் தன் நம்பரைக் கொடுக்க வாயெடுத்தாள். பெண்ணைப் பெற்ற அப்பன் நான் கல்லுமாதிரி உட்கார்ந்திருக்கிறேன், அது எப்படி? உன் அமெரிக்கப் போனை எடுத்து மேசை நடுவில் வைத்து, என் நம்பரைச் சொன்னேன். பையன்கூட எட்டிப் பார்த்தான்.

அந்த வெள்ளிக்கிழமை எட்டரைக்கே வேட்டி கட்டி, விபூதி பூசி, ரெம்பியா முச்சந்தியில் இருக்கும் ரொட்டி சானாய்க் கடைக்குக் காரில் போய்விட்டேன். பேண்ட் மூன்று அந்தக் கடைவரைக்கும்தான் வருகிறது, அதுவும் மூன்றாவது மேசைக்கு மட்டும். மூன்றாவது மேசையில் ஒரு பாக்சிக், மலாய்க்காரப் பெரியவர், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகள் கல்யாண விஷயம் என்று மலாயில் கெஞ்சியதும் பாவம், தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். ஒன்பது நாற்பதுக்கு அடித்தது. "வணக்கம் சம்பந்தி" என்று அந்தப் பக்கம் குரல் வந்தது. சம்பந்தியாகப் போகிற மனிதர் முதல் தடவையாகப் பேசுகிறார், உட்கார்ந்துகொண்டா பேசுவது? மரியாதையாக எழுந்து, துண்டைச் சரிசெய்து, "வணக்கம், சொல்லுங்க" என்று இரண்டு அடி நடந்தேன். அவ்வளவுதான். லைன் போயிற்று. பாக்சிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

திரும்ப உட்கார்ந்து நானே அடித்திருக்கலாம் என்பாய். முடிவு சொல்லவேண்டியது அவர்கள். நாம் அடித்தால் அலைகிறான் என்று ஆகாதா? அவர்களே அடிக்கட்டும் என்று பத்தரைவரை காத்திருந்தேன், ராகுகாலம் பிறந்துவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு எப்போது டவுனுக்குப் போனாலும் எடுக்காமல் விட்ட அழைப்பு மெசேஜ் அத்தனையும் மொத்தமாக வந்து விழுகிறது. ஏழு தடவை அடித்திருக்கிறார்கள். ஏழு தடவையும் நான் வீட்டில் ஆட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏழு தடவை எடுக்காதவன் எட்டாவது தடவை என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது? மேசை நடுவில் வைத்துக் காட்டிய போன் வீட்டுக்குள் அடிக்காது என்றா?

மங்களம் தன் போனை நீட்டி, "இதுல பேசுங்களேன், என்னா கொறஞ்சி போயிரும்?" என்றாள். வேண்டாம் என்று கத்திவிட்டேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அகல்யா, எப்போதும் வாயைத் திறக்காத பிள்ளை, "அப்பா, எனக்கு அவர புடிச்சிருக்குப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். மச்சான், அன்றிலிருந்து என் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் வீம்பால் அவள் வாழ்க்கை தட்டிப்போனால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

ஆகவே நான் கண்டிப்பாகச் சொல்வது என்னவென்றால், இந்தப் போனை நாளைக்கே கூரியரில் உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். நீ உடனே உம்பாய்க்குப் பேசி, குற்றம் பெண் வீட்டார் மேல் இல்லை, பேண்ட் இருபத்தெட்டின் மேல்தான் என்று விளக்கவேண்டும். அவர்கள் மனம் மாறாவிட்டால் நீ தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு இந்த வாசலை மிதிக்க வேண்டாம். அகல்யாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தாலும் மாமன் சீரோடு வந்து நிற்க வேண்டாம்.

உனக்கும் உன் மனைவிக்கும் மகனுக்கும் எங்கள் ஆசீர்வாதம் குறைவில்லாமல் உண்டு. கோபம் போன் மேல்தான் என்று உன் அக்காள் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
மு. திருச்செல்வம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று காலை வாசலில் ஐஸ் லோரி வந்து நின்றது. புவனேஸ்வரனும் அந்த அம்மாவும் தாம்பூலத் தட்டோடு இறங்கினார்கள். "ஏழு தடவ அடிச்சோம், நீங்க எடுக்கல. அன்னைக்கு வேற பேச ஆரம்பிச்ச ஒடனே வெச்சிட்டீங்க. மண்டபத்தப் பத்திப் பேசுனதுல கோவிச்சிக்கிட்டீங்கன்னு புரிஞ்சு போச்சு. ஒங்க கோவில்லயே வெச்சிக்கலாம் சம்பந்தி, மனசுல வெச்சிக்காதீங்க" என்றார் புவனேஸ்வரன். நான் அதை மறுக்கப் போகவில்லை, முகத்தை மட்டும் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டேன். தட்டு மாற்றியாயிற்று, தை மாதம் கல்யாணம், அகல்யா சமையலறையில் சிரிக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. தாய்மாமன் நீ பத்து நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும். போனைத் திருப்பி அனுப்பவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மனசு கேட்காமல் சம்பந்தியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் யோசனையாகப் போனைக் கையில் வாங்கிப் பார்த்து, தனக்கு இன்னும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் தானாக இறங்கி வர இதே மாதிரி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். வரும்போது வாங்கி வா. ஆனால் உம்பாயில் பேண்ட் மூன்றும் ஏழும் நன்றாக வருகிறதாம், ஆகவே அந்த இரண்டும்கூட இல்லாத போனாகக் கடையில் விசாரித்து வாங்கு.