முதல் வாடிக்கையாளரின் மறைவு

"உறையைத் துவைத்தால் சாயம் போகுமா, டீச்சர்?"

கேள்வி போனில் வந்து விழுந்தபோது டீச்சர் குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் துண்டோடு உட்கார்ந்திருந்தார். டீச்சருக்கு மீசையும் இருந்தது.

"ஏங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா?" கதவுக்கு வெளியே மனைவியின் குரல்.

"இதோ வந்துட்டேன்!" என்று கத்திவிட்டு, "போகவே போகாது. நான் வாராவாரம் துவைக்கிறேன்" என்று டீச்சராகப் பதில் எழுதி அனுப்பினார் மாப்பிள்ளை. மாமனாரும் மாமியாரும் வந்து தங்கியதிலிருந்து அந்த வீட்டில் அவருக்குப் பெயரே மாப்பிள்ளைதான்.

மனைவி முதுகுக்கு வைத்துக்கொள்ளும் குஷன் தைப்பாள். அதை இணையத்தில் விற்பது மாப்பிள்ளையின் பொறுப்பு. "விக்கிறதை நான் பார்த்துக்கறேன்" என்று அவர் சொன்னதை நம்பித்தான் அவள் தையல் கம்பெனி வேலையை விட்டாள். மாப்பிள்ளையும் சும்மா இருக்கவில்லை. விற்பனைத் திட்டம் என்று சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, அதில் நிறைய அம்புக்குறி போட்டார். தள்ளுபடி அறிவித்தார். பிறகு தள்ளுபடியை நீட்டித்தார். இணையக் கடை என்பதால் ஓட்டுவதற்கு ஈகூட வரவில்லை.

குஷன்கள் அறையில் கூரைவரை ஏறின. மனைவி ஒரு வார்த்தை கேட்காமல் தைத்துக்கொண்டே இருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒருநாள், "முதல் ஆர்டர் வந்துடுச்சு!" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் கண்கலங்கி, பார்சலுக்கு ரிப்பனெல்லாம் கட்டிக் கொடுத்தாள். அந்தப் பார்சல் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

வாங்கியவர் என்று ஒருவர் வேண்டுமே? அப்படிப் பிறந்தவர்தான் ஓய்வுபெற்ற டீச்சர். "பல வருட முதுகுவலி பறந்தே போனது" என்று அவர் கடைப்பக்கத்தில் எழுதினார்.

அதைப் படித்துவிட்டு, அதன் கீழேயே கேள்வி கேட்டு, 'சாய்வு நாற்காலி' என்ற பெயரில் ஓர் ஆள் வந்து மாட்டினார். சாயத்தில் ஆரம்பித்த பேச்சு, "எந்த வகுப்புக்குப் பாடம் எடுத்தீர்கள்?" என்று வளர்ந்து, "உங்கள் எழுத்தைப் படித்தாலே பாதி வலி போய்விடுகிறது" என்பதில் வந்து நின்றது. மாப்பிள்ளைக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டியதோ ஒரே ஆள். "உங்களைப் போல ரசிப்பவர்கள் குறைவு" என்று ஒரு போடு போட்டார்.

ஒருநாள் மாலை கூடத்தில் மாமனார் ஒற்றை விரலால் போனைக் குத்திக்கொண்டிருந்தார். குத்துவதை வாய்விட்டுச் சொல்வது அவர் வழக்கம்.

"இன்று... முதுகு... நலமா... டீச்சர்..."

மாப்பிள்ளையின் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது.

அவருக்குக் காதுவரை சுட்டது. மாமியார் அடுத்த அறையில் இருக்கும்போதே இந்த வயதில் மனிதர் வழிகிறாரே! அதுவும் யாரிடம்? இந்த மீசையிடம்! கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

அவசர அவசரமாக டீச்சருக்கு ஒரு கணவரை ஏற்பாடு செய்தார். "என் வீட்டுக்காரருக்கும் இந்தக் குஷன் ரொம்பப் பிடிக்கும்."

"கொடுத்துவைத்தவர். அவருக்கும் தனியாக ஒன்று வாங்கிக் கொடுங்களேன்" என்று பதில் வந்தது.

டீச்சரை வெளிநாட்டிலிருக்கும் மகன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

"அங்கே இப்போது மணி என்ன? நான் விழித்திருக்கிறேன்."

இனி வேறு வழியில்லை. மகன் எழுதுவதுபோலக் கடைப்பக்கத்தில் இரண்டு வரி போட்டார்: "அம்மா இன்று காலமானார். கடைசிவரை முதுகு மட்டும் வலிக்கவில்லை." அந்த நேரத்திலும் விளம்பரத்தை விட மனசு வரவில்லை.

மாமனார் கூடத்திலேயே சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம்.

"கொஞ்சமாச்சும் சாப்பிடுங்க. நம்ம கையில என்ன இருக்கு?" என்று மாமியார் தட்டோடு கெஞ்சினார். புருஷன் யாருக்காகத் துக்கம் காக்கிறார் என்று தெரியாமல் கெஞ்சுகிறாரே பாவம் என்று மாப்பிள்ளை கூனிக்குறுகிப் போனார்.

மறுநாள் காலையில் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"டீச்சரோட வீட்டுக்காரரைப் பார்த்துத் துக்கம் விசாரிச்சுட்டு வந்துடலாம். அட்ரஸ் உங்ககிட்டதானே இருக்கு?"

"அது... ரொம்ப தூரம்."

"பரவாயில்ல."

"வீடு பூட்டியிருக்கும்."

"வாசல்ல ஒரு பூவாச்சும் வெச்சுட்டு வரலாம். நம்ம முதல் கஸ்டமருங்க!"

அவள் கண்ணில் நீர் திரண்டதைப் பார்த்ததும் மாப்பிள்ளை உடைந்துபோனார்.

"அப்படி ஒரு டீச்சரே இல்ல. நான்தான் டீச்சர். பார்சல் மாடியில கிடக்கு. நமக்கு ஒரு ஆர்டர்கூட வரல."

மனைவி ஒரு செருப்பைக் கழற்றினாள். அடுத்ததையும் கழற்றினாள். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவமானத்தில் தலை நிமிரவில்லை.

மாமனார் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "மாமா, என்னை மன்னிச்சுடுங்க. நீங்க இவ்வளவு மனசுவிட்டுப் பேசிட்டிருந்தது என்கிட்டதான்..."

சொன்ன பிறகுதான் மாமியார் தட்டோடு அங்கேயே நிற்பது கண்ணில் பட்டது. மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியவரின் மானத்தையும் சேர்த்து வாங்கியாயிற்று.

மாமனார் எழுந்து உட்கார்ந்து, திருட்டு முழி முழித்துக்கொண்டு மாமியாரைப் பார்த்தார். மாமியார் தட்டை 'ணங்' என்று கீழே வைத்தார்.

"அடக் கடவுளே! கடையில நாலு பேர் பேசினா கலகலப்பா தெரியுமேன்னு நான்தான், மாப்பிள்ளை, இவருக்கு வரி வரியா சொல்லிக் கொடுத்தேன். பொண்ணு கடைக்கு இருந்த ஒரே கஸ்டமரும் போயிட்டாங்களேன்னுதான் மனுஷன் நேத்திலேருந்து பட்டினி கிடக்கார்!"