பெரிய சீட்டு அசையவே இல்லை

ஆபீசைத் திருத்துவதற்கு முன்னால் வீட்டைத் திருத்திவிடுவது என்று முடிவு செய்தேன். இப்படி முடிவு செய்த மற்ற ஆண்கள் எல்லாம் இப்போது என்ன ஆனார்கள் என்று விசாரித்துவிட்டுச் செய்திருக்கலாம்.

எங்கள் மென்பொருள் கம்பெனிக்குப் புது மேலாளர் வந்தார். வந்த வேகத்தில், "இனிமே எல்லாம் அஜைல்" என்றார். விஷயம் இதுதான். வருஷக்கணக்கில் திட்டம் போட்டு எதையோ கட்டி முடித்து, வாங்க வந்தவர் "நான் கேட்டது இது இல்லையே" என்று சொல்ல, எல்லோரும் திருதிருவென்று விழிப்பது பழைய முறை. புது முறையில் வேலையைச் சின்னச் சின்னதாக உடைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும். தினமும் காலையில் எல்லோரும் நின்றபடியே பேச வேண்டும்: நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், என்ன தடை. முடிந்த சீட்டு 'முடிந்தது' பக்கம் போகும். இதை என் குழுவுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

குழு வாயே திறக்கவில்லை.

"என்ன தடை?"

"ஒண்ணுமில்ல சார்."

"அப்புறம் ஏன் வேலை நகரல?"

"தெரியல சார்."

வட்டமாக நின்று தரையைப் பார்ப்போம். யாரோ செத்துப்போன மாதிரி இருக்கும்.

அதனால் வீட்டில் ஒத்திகை. அதில் ஒரு உள்நோக்கமும் உண்டு, உங்களிடம் மறைப்பானேன். என் மனைவி மருந்தாளர் படிப்பு முடித்தவள். மெயின் ரோட்டு மருந்துக்கடையில் ஆள் தேடுகிறார்கள், போகட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று சொல்லி, அந்த வார்த்தையே தேய்ந்துபோயிருந்தது. பலகையில் 'பிறகு' என்று ஒரு பத்தி உண்டு. முடியாது என்று சொல்லவும் வேண்டாம், செய்யவும் வேண்டாம். மரியாதையாக ஒட்டி வைத்துவிடலாம். அதைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் கல்யாணமானவன்தான்.

ஃப்ரிஜ் கதவைப் பலகையாக்கினேன். "எல்லாரும் எழுந்து நில்லுங்க!" என்றேன்.

"நான் விடிஞ்சதுலேருந்து நின்னுக்கிட்டுதான் இருக்கேன். முதல்ல நீங்க எழுந்திருங்க" என்றாள் மனைவி. பல் துலக்கிக்கொண்டிருந்த மகள் நுரையோடு சிரித்தாள்.

மனைவி எழுதிய முதல் சீட்டு: 'வேலைக்குப் போவது.' வாங்கி, பூப்போல 'பிறகு' பத்தியில் ஒட்டினேன்.

"ஏங்க, அதை ஏன் அங்க ஒட்டுறீங்க?"

"ரொம்பப் பெரிய சீட்டும்மா. அஜைல்ல பெருசா எதையும் கையில எடுக்கக் கூடாது."

"சின்னதா இருந்தா எடுக்கலாமா?"

"தாராளமா!"

"எவ்வளவு சின்னதா?"

"ஒரே நாள்ல முடியணும். முடிஞ்சது கண்ணுக்குத் தெரியணும்."

"சரிங்க" என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ம்ஹூம், அடுத்த சீட்டை எடுத்து நீட்டினேன்.

மறுநாளிலிருந்து வீடு பறந்தது. 'மருந்தாளர் பதிவைப் புதுப்பிப்பது.' நல்லதுதானே, சான்றிதழ்கள் சரியாக இருக்க வேண்டும். கை தட்டினேன். 'மகள் தானே தலை பின்னிக்கொள்வது.' கோணல்மாணலாக வந்தது, கை தட்டினேன். 'வீட்டுக்கு இன்னொரு சாவி.' 'அப்பா மதியச் சாப்பாட்டை முந்தின ராத்திரியே தயார் செய்வது.' அதற்கு மகள் எனக்குக் கை தட்டினாள், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு சீட்டையும் என் கையாலேயே 'முடிந்தது' பக்கம் நகர்த்தினேன். நடுநடுவே பெரிய சீட்டை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் ஆபீசில் அதே மௌனம்தான். மேலாளர் என்னை வேறு வேலைக்கு மாற்றிவிடுவதாகச் சொல்ல, பயந்துபோய் மனைவியிடம் புலம்பினேன்.

"தடைன்னு யாராவது சொன்னா நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டாள்.

"ஏன் தடைன்னு விசாரிப்பேன்."

"டெஸ்ட் பண்ற பொண்ணு ஒருத்தி கம்ப்யூட்டர் மெதுவா இருக்குன்னு சொன்னதா அன்னைக்குச் சொன்னீங்களே, அப்போ?"

"மத்தவங்களுக்கு மட்டும் எப்படி ஓடுதுன்னு கேட்டேன்."

"அதுக்கப்புறம் யாருங்க வாயைத் திறப்பா? நீங்க பதிலுக்காகக் கேக்கல. கேட்டோம்னு சொல்லிக்கிறதுக்காகக் கேக்கறீங்க."

சுருக்கென்று இருந்தது. அன்றைக்கு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே நிற்பவரின் தடை நாமாகவே இருந்தால், அதை அவர் நம்மிடம் எப்படிச் சொல்வார்?

ஆபீசுக்குப் போனதும் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தப் பெண்ணுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் ஒருவன் மெல்லக் கனைத்தான். பிறகு ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியாமல் இத்தனை சிக்கலா என்று வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பேசாதவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. மதியத்துக்குள் எனக்கு மண்டையைப் பிளந்தது.

மாத்திரை வாங்க மெயின் ரோட்டு மருந்துக்கடைக்குப் போனேன்.

"என்ன சார் வேணும்?"

நிமிர்ந்தேன். வெள்ளைக் கோட்டு. உள்ளே என் மனைவி. ஒரு பெரியவருக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பியிருந்தாள். அந்த முகத்தில் இருந்த தெளிவை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. மனசுக்குள் என்னவோ செய்தது.

"நீ எப்படி இங்க?"

"இன்னைக்குத்தாங்க முதல் நாள். 'கோட்டுக்கு இஸ்திரி'ன்னு எழுதின சீட்டைக் காலையில நீங்கதானே நகர்த்தினீங்க."

"வேலைக்குப் போற சீட்டு இன்னும் 'பிறகு'லதானே இருக்கு! கிளம்பும்போதுகூடப் பார்த்தேனே!"

"அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க. அதுல இருந்த வேலை எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

மாத்திரை அட்டையை உறையில் போட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

"தினமும் காலையில கேட்டேனே. நீங்கதான் தினமும் கை தட்டினீங்க."