நம்ம ஊரில் முதல் பங்க்

தமிழ்நாட்டுப் பங்க் ராக் இசையின் வரலாற்றை என்றைக்காவது யாராவது எழுதினால், முன்னோடிகள் வரிசையில் என் பெயர் இருந்தே தீரும். எழுதுபவருக்கு அதிக வேலை வைக்கமாட்டேன். நான் மேடையில் பாடியது ஒரே பாட்டு. அதையும் முடிக்கவில்லை.

பங்க் ராக் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்காக: இசை தெரியாதவர்கள் இசைமேல் பழிதீர்த்துக்கொள்ளும் முறை அது. கிடாரில் மூன்று இடத்தில் விரல் வைக்கத் தெரியவேண்டும். தொண்டையில் கோபம் வேண்டும். முதலாவதை போனில் பார்த்துக் கற்றேன். இரண்டாவது, இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தலையில் ஒரு பக்கத்தை மழித்து, மறுபக்கத்தைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டேன். எதிர்வீட்டு அத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"இன்னாடி இது, திருப்பதிக்கு வேண்டுதலா? பாதில கத்தி மயுங்கிடுச்சா?"

(புரட்சி இப்படித்தான் முதலில் அவமானப்படும் என்று சமாதானம் செய்துகொண்டு, அதன்பிறகு நான் வெளியே தலைகாட்டவில்லை. இது பின்னால் எவ்வளவு பெரிய தப்பாக முடிந்தது பாருங்கள்.)

எங்கள் ஊர், உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் தூங்கிவிட்டால் தாண்டிப் போய்விடும் ஊர். ஏரி உண்டு, நெல் உண்டு, வீட்டுக்கு வீடு பைக் உண்டு. பெட்ரோல்தான் கிடையாது. டவுனுக்குப் போய் ஊற்றிக்கொண்டு திரும்பினால், ஊற்றியதில் கொஞ்சம் போய்வந்ததற்கே சரியாகிவிடும்.

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியிலிருந்து வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் வரும். நான் போகமாட்டேன், சென்னைக்குப் போய் பாடகியாகப் போகிறேன் என்று நைனாவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னா பாட்டு?"

"பங்க்."

"நம்ம ஊர்லயே ஒரு வாட்டி பாடு. பாட்டு முடிஞ்சதும் ஒருத்தராவது வாயத் தொறந்து 'இன்னொரு வாட்டி'ன்னு சொல்லட்டும். நீ வேலைக்குப் போவ வேணாம், மெட்ராஸுக்கே போ. யாரும் சொல்லலன்னா, திங்கக்கெயம பஸ் ஏறு."

ஒருத்தர்! ஊரில் ஒருத்தர் போதும்! என் எதிர்காலம் இவ்வளவு மலிவாகக் கிடைத்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

டிரம்ஸுக்கு முரளியண்ணன். பெரியம்மா மகன். கல்யாண பேண்டு செட்டில் வாசிப்பவர். எந்தப் பாட்டை ஆரம்பித்தாலும் இரண்டாவது நிமிடத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்விடுவார். கோபமாக வாசிக்கச் சொன்னால், "எதுக்கு பாப்பா கோவம், நல்ல காரியம்தானே?" என்பார்.

விளம்பரத்துக்கு, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் பாய்க்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்: "நம்ம ஊரில் முதல் பங்க்! ஞாயிறு மாலை ஐந்து மணி, ரோட்டோரக் களம். அனைவரும் வருக. பின்னணியில் தீ எரிகிற படம் போடவும்." ராக் என்ற வார்த்தையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பங்க் என்றாலே உலகம் முழுக்கப் புரியுமாம். (உலகத்தில் எங்கள் ஊரும் சேர்த்தி என்று நான்தான் நினைத்துக்கொண்டேன்.)

பாய் உடனே போன் செய்தார். "ஏம்மா, பங்க் பேனர்ல போயி நெருப்பு போடலாமா? பாக்கறவன் பயந்துக்குவான். நானே நல்லா டிசைன் பண்ணி மாட்டிடறேன், நீ பேஜார் பண்ணாத."

கலைஞனுக்குக் கலைஞன் சுதந்திரம் தரவேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க நைனா போனில் ஒரே பேச்சு. "ஆமாம்பா, ஞாயித்துக்கெயம. நம்ம பொண்ணுதான் பாடுது. பங்க்! கண்டிப்பா வந்துடு, வண்டிய எடுத்துக்கினு வா." கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கண் கலங்கினேன். கட்டுப்பெட்டி என்று நினைத்த மனுஷன், மகளின் பங்க்குக்கு ஆள் சேர்க்கிறாரே!

ஞாயிற்றுக்கிழமை களத்துக்குப் போனால், கூட்டம் ரோடு வரை நின்றது. பைக், மொபெட், பால் வண்டி, எல்லாம் ஒழுங்காக வரிசையில். கையில் ஆளுக்கொரு காலி கேன்.

முரளியண்ணன் மிரண்டுபோனார். "எல்லாரும் கேன் எத்துனு வந்துகீறாங்களே பாப்பா, இன்னாத்துக்கு?"

"தட்டறதுக்குண்ணே. பங்க் ரசிகருங்க கைல கெடச்சத தட்டுவாங்க."

இப்படியொரு விளக்கத்தை யோசிக்காமல் சொல்ல நிறையப் படித்திருக்க வேண்டும்.

மைக்கைப் பிடித்தேன். பாட்டின் பெயர் 'கொளுத்து'. நானே எழுதியது. (வேறு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.)

"கொளுத்து கொளுத்து, ஐடி கார்டக் கொளுத்து! கொளுத்து கொளுத்து, கம்பெனி பஸ்ஸக் கொளுத்து!"

முன்வரிசையில் பால்காரர், வண்டியில் சாய்ந்தபடி, கையை வாயருகே குவித்துக் கத்தினார்.

"கொளுத்தலாம்மா! மொதல்ல பெட்ரோல ஊத்து!"

கூட்டம் சிரித்தது. ஆஹா, ரசிகர் பதில் கொடுக்கிறார் என்று எனக்கு ஆவேசம் கூடியது. இன்னும் உச்சத்தில் கத்தினேன். அவர்களும் கத்தினார்கள். "எப்பம்மா ஊத்துவ? மத்தியானத்துலருந்து நின்னுக்கினு கீறோம்!" ஒருவர் கேனைத் தட்டினார். பக்கத்திலிருந்தவரும் தட்டினார். மொத்தக் களமும் கேனைத் தட்டிக்கொண்டு என்னைத் திட்டியது. மேடையில் கோபம், கீழே கோபம். பங்க் ராக்கின் இலக்கணப்படி அதைவிடச் சிறந்த கச்சேரி கிடையாது. ஒரே குறை, முரளியண்ணன் மாப்பிள்ளை அழைப்புக்குப் போயிருந்தார்.

அப்போது ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மைக் செத்தது.

"இன்னாச்சி?" என்றார் பால்காரர்.

ஜெனரேட்டர் மூடியைத் திறந்து பார்த்த முரளியண்ணன், பேண்டு செட்டில் பழகிய குரலில், கடைசி வரிசை வரை கேட்கும்படி சொன்னார்: "பெட்ரோல் இல்ல."

"யோவ், பங்க்லயே பெட்ரோல் இல்லியாம்யா!"

அதற்குப் பிறகுதான் வரிசைக்கு நடுவில் நைனாவைப் பார்த்தேன். மொபெட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் ஒரு கேன்.

"நைனா, நீயுமா?"

"பங்க் தொறப்பு விழாவுல உன்ன பாடக் கூப்ட்டாங்கன்னு நெனச்சேன் பாப்பா. நல்லா பாடுனா அங்கயே கணக்கு எயுதற வேல கேக்கலாம்னு..." என்று இழுத்தவர், பஸ் நிறுத்தத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்ததில் நான் பார்க்காமல் விட்ட பேனரில் பாய் தன் கலையைக் காட்டியிருந்தார். ஆளுயரப் பெட்ரோல் பம்ப். அதன் அடியில், "தங்கள் நல்லாதரவை நாடும்" என்று என் பெயர்.

இதில் நிஜமான சிக்கல் இனிமேல்தான். ஊரிலேயே பங்க் வருகிறது என்ற நம்பிக்கையில், முந்தின நாளிலிருந்தே ஒருவரும் டவுனுக்குப் போய் ஊற்றவில்லை. பாதிப்பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தார்கள். பால்காரர் மாலைப் பாலுக்குப் போயாக வேண்டும். யாரும் என்னை அடிக்கவில்லை. அதைவிட மோசம், எல்லாரும் தங்கள் கேனை என் காலடியில் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஒருவர் டிராக்டர் கொடுத்தார். நானும் முரளியண்ணனும் கேன்களோடு உத்திரமேரூர் போய், நிஜ பங்க்கில் கெஞ்சி நிரப்பிக்கொண்டு வந்தோம். பிறகு, அரைத்தலை முடியும் கருப்பு லிப்ஸ்டிக்குமாக, கையில் புனலோடு, ஒவ்வொரு வண்டியாக நான் ஊற்றினேன். சொன்னபடியே அன்று மாலை எங்கள் ஊரில் முதல் பங்க் செயல்பட்டது.

பால்காரர் டேங்குக்குள் எட்டிப்பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு வாட்டி."

புனலைத் தூக்கிப் போட்டுவிட்டு நைனாவிடம் ஓடினேன். "கேட்டியா நைனா? ஒருத்தர் 'இன்னொரு வாட்டி'ன்னு சொல்லிட்டாரு! பாட்டும் முடிஞ்சிடுச்சி!"

நைனா பால்காரரைப் பார்த்தார். "பாடவா சொன்ன, ஊத்தவா?"

பால்காரர் பதறிப்போனார். "ஐயையோ, ஊத்தத்தான்! பாட வாணாம்னு சொல்லுப்பா!"

திங்கட்கிழமை பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட்டு கிடைத்தது. ஐடி கார்டு இன்றுவரை எரியாமல் என் கழுத்தில் பத்திரமாக இருக்கிறது.

வீட்டில் இந்தக் கதை அடங்கவே இல்லை. வண்டி பாதி வழியில் நின்றால் சொந்தக்காரர்கள் டவுன் பங்க்குக்கு முன்னால் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். போன மாதம் ஓரிக்கையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். காபி உள்ளே போனதும் மாப்பிள்ளையின் அம்மா மெல்லக் கேட்டார்.

"பொண்ணு பேர்ல பங்க் ஒண்ணு கீதுன்னு சொன்னாங்களே?"

நைனா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இருந்துச்சிமா. ஒரு நாள்தான் ஓடிச்சி. ஆனா நல்ல கூட்டம்."