மழைத்தோட்டத்தின் வாயைப் பூசி மூடிய சித்தப்பாவுக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் அங்கே என்பது சுவருக்கு அந்தப் பக்கம், நீங்கள் தும்முவது இங்கே கேட்கிறது. வெந்நீர் குடியுங்கள். நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

விஷயம் நூலகத்துக்கு எதிரே நான் போட்ட மழைத்தோட்டம், அதாவது தெருத் தண்ணீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் செடிக்குழி, பற்றியது. நகராட்சியில் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை அது என்பதை ஊரில் பாதிப் பேருக்கு நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆயுசு முழுக்க வடிகால் குழாய் பதித்தவர் நீங்கள். மழைத் தண்ணீரை வந்த வேகத்தில் ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்பது உங்கள் கொள்கை. வந்தது வந்தாயிற்று, கொஞ்ச நேரம் உட்கார்ந்து மண்ணுக்குள் இறங்கட்டும் என்பது என் கொள்கை. "குழிக்குள்ள தண்ணி விடறதுக்கு ஒரு பட்டப்படிப்பா?" என்று நீங்கள் சாப்பிடும்போது கேட்பீர்கள், சித்தி "தட்டுல இருக்கறதை முதல்ல உள்ள விடுங்க" என்பாள், நான் தலையை நிமிர்த்தவே மாட்டேன்.

நேற்று மழை பிடித்ததும் குடையோடு ஓடினேன், தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர், நடுவில் என் தோட்டம் மட்டும் தீவு மாதிரி, செடிகள் கால் நனையாமல் வேடிக்கை பார்க்கின்றன, தையல்கடை அக்கா மெஷின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு "என்னம்மா இஞ்சினியரு, மழைத்தோட்டம்னு சொன்னே, மழை மட்டும் உள்ள வர மாட்டேங்குதே" என்கிறார், அந்த நேரம் பார்த்து எங்கள் அதிகாரி போனில் "திங்கட்கிழமை வந்து பார்ப்பேன், இப்படியே இருந்தா குழியை மூடிட்டுக் குழாய் போட்டுடலாம்" என்கிறார், குனிந்து பார்த்தால், தெருத் தண்ணீர் உள்ளே வரட்டும் என்று ஓரக்கல் வரிசையில் நான் விட்டிருந்த சந்துகள் ஒன்றுவிடாமல் சிமென்ட் வைத்து அடைத்து, கட்டைவிரலால் ஓரம் வழித்து, கண்ணாடி மாதிரி பூசியிருக்கிறது. அந்தப் பூச்சு யாருடையது என்று நான் கேட்கவே வேண்டியதில்லை. இருந்தும் அக்கா சொன்னார்: "உங்க சித்தப்பாதாம்மா. 'சின்னப் பொண்ணு, கல்லுக்குக் கல்லு இடம் விட்டுட்டா, பார்க்கறவன் அரைகுறை வேலைன்னு சொல்லிடக் கூடாது'ன்னு அவரே கலவை போட்டுப் பூசிட்டுப் போனாரு."

சித்தப்பா, அந்தச் சந்துதான் என் வேலை. மற்றதெல்லாம் வெறும் செடி.

கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. பள்ளிக்கூட நாளில் என் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தாலும் வாசலில் நிறுத்தித் தைத்து அனுப்பியவர் நீங்கள். அவசரத்தில் பொத்தான் துளையையும் சேர்த்துத் தைத்துவிடுவீர்கள் என்பது வேறு விஷயம். அதனால் கேட்டுக்கொள்வது இதுதான்: திங்கட்கிழமைக்குள் உங்கள் கையாலேயே அதை உடைத்துவிடுங்கள். வேறு யாரோ வந்து உங்கள் பூச்சை உடைப்பதை நின்று பார்க்க என்னால் முடியாது.

சித்திக்கு என் அன்பைச் சொல்லவும், பக்கத்தில்தான் இருப்பாள். உங்கள் ஆசி என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. கொடுக்க வந்தால் உங்களைக் காணோம். "'நேத்துலேருந்து பொண்ணு முகமே சரியில்ல, நான் பூசினதுலதான் ஏதோ கோளாறு'ன்னு உளியை எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றாள் சித்தி. தோட்டத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். தூறலில் குந்தியபடி கடைசிச் சந்தை உடைத்துக்கொண்டிருந்தீர்கள். தேங்கிய தண்ணீர் உங்கள் செருப்பைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் போனது. "போகுது கண்ணு, தானா உள்ள போகுது" என்றீர்கள். அப்புறம், "ஒவ்வொரு சந்துக்கும் சின்னதா ஒரு மூடி போட்டுட்டா பார்க்க லட்சணமா இருக்கும்ல?" என்று கேட்டீர்கள், நானும் தலையாட்டிவிட்டேன். அது வெட்கத்தில் ஆடிய தலை. மூடி வேண்டாம் சித்தப்பா. ரத்தான கடிதத்தை இப்போதும் கொடுப்பது அதற்காகத்தான்.