நீல வீட்டுச் சொந்தக்காரர்கள்

"எல்லாம் சரி தம்பி, இந்த வீட்ட நீ எதுக்கு வாங்கணும்னு நெனைக்கிற?" என்று கேட்டார் வீட்டுக்காரர் எங் தெய்க்.

இதே கேள்வியை அவர் கேட்பது மூன்றாவது முறை. முதல் முறை வந்தபோது சூன் கியாட், "முற்றம் புடிச்சிருக்கு அங்கிள்" என்றான். "முற்றம் பக்கத்து வீட்டுலயும் இருக்கு" என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை, "பழைய பொருள்னா எனக்கு உசுரு அங்கிள்" என்றான். "எனக்கு எழுபத்தொம்பது வயசு. என்னையும் சேத்து வாங்கிக்கிறியா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்.

உண்மையான காரணம் சொல்லும்படியாக இல்லை. சூன் கியாட் ஒரு பேரங்காடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். பதினாலாவது மாடியில் குடியிருந்தான். அந்தக் கட்டடத்து லிஃப்ட், வாரத்தில் இரண்டு நாள் வேலை செய்யாது; மற்ற நாட்களில் செய்வது போலக் காட்டிக்கொள்ளும். ஒருநாள் ஜார்ஜ் டவுனின் பழைய தெருவொன்றில், கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடைபாதையில் மழைக்கு ஒதுங்கியபோது, நீலச் சுண்ணாம்பு பூசிய ஒரு கடைவீட்டின் கதவில் 'விற்பனைக்கு. நேரில் வரவும்' என்று கையால் எழுதிய அட்டையைப் பார்த்தான். கதவிடுக்கு வழியே முற்றத்தில் மழை விழுவதையும் பார்த்தான். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இதைச் சொன்னால் பெரியவர் சிரிப்பார். ஆகவே அவன் வாயைத் திறந்தான். அது தானாகப் பேசியது.

"என் கொள்ளுப்பாட்டி இந்த வீட்டுலதான் பொறந்தாங்க அங்கிள்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரு?"

கொள்ளுப்பாட்டி பாலிக் பூலாவ் பக்கம் வாத்து வளர்த்ததாகக் கேள்வி. பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது. "கெய்க் நியோ" என்றான். அந்தக் காலத்தில் இந்தத் தெருவில் கல்லை விட்டெறிந்தால் ஒரு கெய்க் நியோ மேல்தான் விழும்.

"ஓடிப்போனாளே, அந்தக் கெய்க் நியோவா?"

ஓடிப்போவது சூன் கியாட்டின் திட்டத்தில் இல்லை. ஆனால் வழியில் வந்த வண்டியில் ஏறிக்கொண்டான். "ஆமா அங்கிள். அவங்கதான்."

"அந்த இயாப் வீட்டுப் பயலோட."

"அவருதான் எங்க கொள்ளுத்தாத்தா."

பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்பன்னா நீ என்ன அங்கிள்னு கூப்புடக் கூடாது. மாமான்னு கூப்புடு. வா, காப்பி குடிச்சிட்டுப் போ. இந்த வீடு குடும்பத்த விட்டு வெளிய போயிருமோன்னுதான் எனக்குக் கவலையா இருந்துச்சு."

வீட்டுக்குப் போனதும் மனைவி பீ லூனிடம் சொன்னான்.

"பொய் சொன்னீங்களா?"

"நான் ஒரு பேருதான் சொன்னேன். மிச்சத்த எல்லாம் அவரே சொன்னாரு."

"ஓடிப்போனவ பேரன்னு வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்."

மறுவாரம் பெரியவர் கெய்க் நியோவின் படம் ஒன்று கேட்டார். சூன் கியாட் ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தைக்குப் போனான். பழைய புகைப்படங்களைக் கோணிமேல் பரப்பி வைத்திருந்தவர், "யாரு வேணும்?" என்று கேட்டார்.

"ஒரு பொம்பள. கொஞ்சம் வசதியான வீட்டுப் பொம்பள."

"கொள்ளுப்பாட்டியா? மூணு இருக்காங்க. வளையல் போட்டவங்கன்னா வெலை அஞ்சு வெள்ளி கூட ஆவும்."

வளையல் போட்டவரை வாங்கிக்கொண்டு போனான். பெரியவர் படத்தை முற்றத்து வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது கெய்க் நியோ இல்ல."

சூன் கியாட் தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டான்.

"இது அவ தங்கச்சி. பரவால்ல, இவ படமும் நம்மகிட்ட இல்லாமத்தான் இருந்துச்சு." அவரே சுத்தியலை எடுத்துப் படத்தைச் சுவரில் மாட்டினார். அந்தச் சுவரில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. ஒருவர் முகம் இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை. "மூக்கப் பாரு. அப்படியே ஒன் மூக்கு. இனிமே இவளையும் சேத்துக் கும்புடணும். கல்லறை கும்புடுற செங் பெங் நாள் வருது, மண்வெட்டி வச்சிருக்கியா?"

செங் பெங் நாளன்று காலை ஏழு மணிக்குச் சூன் கியாட் குன்றின் மேலிருந்த கல்லறைகளுக்குப் போனான். பெரியவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்து, எங்கெங்கே புல் வெட்ட வேண்டும் என்று கைத்தடியால் காட்டினார். அங்கே மற்ற சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். அவனைச் சேர்க்காமலே பதினோரு பேர். அவர்களில் தியோங் பெங் கூரை ஓடு வேய்கிற ஒப்பந்தக்காரர். கழுத்தே இல்லாத மனிதர். சுவீ லியான் வரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எதிரில் நிற்பவர் எதையோ ஒளிக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டே பேச்சைத் தொடங்குவாள்.

"நீங்க யாரு வழி?" என்று கேட்டாள்.

"கெய்க் நியோ வழி. நீங்க?"

"ரெண்டாந்தாரத்து வழி" என்றாள் சுவீ லியான்.

இருவரும் சட்டென்று குனிந்துகொண்டார்கள். மும்முரமாகப் புல் வெட்டினார்கள்.

கைகளில் கொப்புளத்தோடு வந்தவனுக்கு மருந்து போட்டுக்கொண்டே பீ லூன் சொன்னாள்: "உங்க அப்பா கல்லறையில புல்லு இடுப்பு மட்டும் வளந்து கெடக்கு. யாரோ வீட்டுப் பொணத்துக்குச் செரைக்கப் போயிட்டீங்க."

"மாமா ரொம்ப சந்தோசப்பட்டாரு."

"எந்த மாமா?" என்றாள். பிறகு புரிந்துகொண்டு மருந்தைக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள்.

அந்த மாதம் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டுக்கு நல்ல விலைக்கு ஆள் வந்தது. உடனே பதில் சொல்ல வேண்டும். சூன் கியாட் பெரியவரிடம் ஓடினான்.

"மாமா, எங்க வீட்ட வித்துரலாமா?"

"ஒன் வீடு, ஒன் இஷ்டம். இந்த வீட்டுக் கதவு ஒனக்கு எப்பவும் தொறந்துதான் இருக்கும்."

இதைவிட ஒரு மனிதர் எப்படி வாக்குக் கொடுப்பார்? அவன் வீட்டை விற்றான். சாமான்களைக் கிடங்கில் போட்டுவிட்டு, பீ லூனின் அக்கா வீட்டு முன்னறையில் மெத்தை விரித்தார்கள். அந்த அறையில் ஒரு பெரிய மீன் தொட்டி இருந்தது. அதன் விளக்கை அணைத்தால் மீன் செத்துவிடும் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

"ஒரு மாசந்தான்" என்றான் சூன் கியாட்.

மழைக்காலம் வந்தது. நீல வீட்டின் பின்சுவரில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. நகராண்மைக் கழகத்திலிருந்து பாரம்பரியக் கட்டடங்களைப் பார்க்கும் அதிகாரி வந்தார். சிமெண்ட்டைத் தொடவே கூடாது, பழைய முறைப்படி சுண்ணாம்பைக் குழைத்துத்தான் பூச வேண்டும், இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"குடும்பத்து வீடு. குடும்பந்தான் பாத்துக்கணும்" என்றார் எங் தெய்க். சுவரைப் பங்கு போட்டுக் கொடுத்தார். சூன் கியாட்டுக்குச் சமையலறைப் பக்கத்து மூலை கிடைத்தது.

சுண்ணாம்பு அவன் பேச்சைக் கேட்கவில்லை. பூசினால் விழுந்தது. விழாதது வெடித்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போன பிறகு, யாரும் இல்லாத நேரத்தில் ஒரு மூட்டை சிமெண்ட்டைக் கொண்டுவந்து மூலையைப் பளிங்கு மாதிரிப் பூசி முடித்து, மேலே நீலத்தைத் தடவிவிட்டான். எல்லாரும் பாராட்டினார்கள். பெரியவர் மற்றவர்களைக் கூப்பிட்டு, "இவன்கிட்டக் கத்துக்கங்க" என்றார்.

அதிகாரியும் பாராட்டத்தான் வந்தார். பாராட்டுகிறபோதே சாவியை எடுத்துச் சுவரைச் சுரண்டினார். சுரண்ட வரவில்லை. மூக்கை வைத்து மோந்தார்.

ஈரம் உள்ளே தங்கிச் செங்கல் அரித்துப்போகும், எங்கெங்கே சிமெண்ட் கலந்திருக்கிறது என்று இனி நம்ப முடியாது, ஆகவே சுவர் முழுவதையும் கொத்தியெடுத்து முதலிலிருந்து பூசுங்கள் என்று உத்தரவு எழுதினார்.

"ஒரு மூட்ட சிமெண்ட்டால பதினோரு பேரு முதுகு போச்சு" என்றார் தியோங் பெங். அதன்பிறகு அவர் சூன் கியாட்டோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாந்துச் சட்டியை மட்டும் அவன் காலுக்குப் பக்கத்தில், சற்று வேகமாக, வைப்பார்.

பரிகாரமாக சூன் கியாட் தன் கடையிலிருந்து பெரியவருக்குப் புதுக் கண்ணாடி செய்து கொடுத்தான். அது இன்னும் வினையாயிற்று. தெளிவாகப் பார்க்கத் தொடங்கிய பெரியவருக்குச் சன்னல் மரச்சட்டங்களில் கறையான் தெரிந்தது.

இதற்கிடையில் சுவீ லியானின் பார்வை அவனை விடவில்லை. ஒருநாள் சுவருக்குக் கீழே உட்கார்ந்து எல்லாரும் பசியாறிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"கெய்க் நியோவுக்கு எத்தன புள்ளைங்க?"

"ஏழு."

"நான் அஞ்சுன்னு கேள்விப்பட்டேன்."

"ரெண்டு சின்னதுலயே போயிருச்சு."

"பாவம்" என்றாள் அவள். ஆனால் கண் அவன் மேலேயே இருந்தது.

தப்பிக்க வழியில்லாதவன் எதிர்த்துத்தான் பாய வேண்டும். "உங்க பாட்டி பேரு என்னங்க?" என்று கேட்டான்.

சுவீ லியானுக்கு அந்த நேரம் பார்த்துக் கண்ணில் சுண்ணாம்பு விழுந்துவிட்டது. எழுந்து கழுவப் போனவள் அரைமணி நேரம் வரவில்லை. உள்ளே போய்ப் பெரியவரிடம் தன் பொய்யைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றே சூன் கியாட் நினைத்தான். அன்றைக்கு உருளைக்கிழங்குப் பணியாரத்தை அவன் பொட்டலத்திலேயே விட்டுவிட்டான்.

ஆகஸ்டு மாதம் பெரியவருடைய அப்பாவின் நினைவு நாள் வந்தது. மதியம் எல்லாருக்கும் அங்கேதான் சாப்பாடு. மீன் தொட்டியின் பச்சை வெளிச்சத்தில் நாலு மாதம் தூங்கிய பீ லூன், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு வாசல்வரை வந்தாள்.

"இன்னிக்குப் பத்திரத்தப் பத்திப் பேசாம வந்தீங்கன்னா, நேரா அந்தத் தொட்டிக்குள்ள போய்ப் படுத்துக்கங்க. எங்க அக்கா உங்களுக்கும் சேத்துத் தீனி போடுவா."

நீல வீடு அன்று உண்மையிலேயே அழகாக இருந்தது. பின்சுவர் புதிதாக நின்றது. ஓடுகள் ஒழுங்காக இருந்தன. சன்னல்களுக்கு வண்ணம் அடித்திருந்தார்கள். சாமி மேசையில் ஊதுபத்தி புகைந்தது. வாத்தும் பொப்பியாச் சுருள்களும் ஆரஞ்சும் அடுக்கியிருந்தார்கள். நீள மேசையைச் சுற்றிப் பதினோரு சொந்தக்காரர்களும் உட்கார்ந்திருக்க, தலைப்பக்கம் எங் தெய்க் புதுக் கண்ணாடியோடு வீற்றிருந்தார். முற்றத்தில் வெயில் விழுந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் சூன் கியாட்டுக்குத் தைரியம் வந்தது.

"மாமா" என்றான். "இந்த வீட்டுப் பத்திரத்தப் பத்தி... வெலை எவ்வளவுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா..."

மேசை முழுவதும் சாப்பாட்டுக் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. தியோங் பெங்குக்கு இருந்த கொஞ்சநஞ்சக் கழுத்தும் உள்ளே போய்விட்டது. சுவீ லியான் பெரியவர் பக்கம் சாய்ந்தாள்.

பெரியவர் ஒரு துண்டு வாத்தை எடுத்து அவன் கிண்ணத்தில் அன்பாக வைத்தார்.

"என்னடா பேச்சு இது? சொந்தத்துக்குள்ள யாராவது வெலை பேசுவாங்களா? வெளியாளுன்னா வித்துருவேன். ஒனக்குப் போய் எப்படி விக்கிறது? சாப்புடு."

எல்லாரும் மறுபடி சாப்பிடத் தொடங்கினார்கள். சூன் கியாட் வாத்தை மென்றுகொண்டே யோசித்தான். விஷயம் தெளிவாக இருந்தது. சொந்தக்காரனாக இருக்கும்வரை வீடு கிடைக்காது. வெளியாளுக்குத்தான் விற்பார். அவனோ அசல் வெளியாள். எழுந்து நின்று உண்மையைச் சொன்னால் போதும். அவமானம் ஒரு நாள் இருக்கும், வீடு காலத்துக்கும் இருக்கும்.

ஆனாலும் அத்தனை பேர் முன்னால் சொல்லத் துணிவு வரவில்லை. முதலில் யாரிடமாவது சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்று, காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான். அங்கே ஹோங் அக்கா தனியாக மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக, விசேஷ நாட்களில் மட்டும் வந்து சமைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள்.

"அக்கா" என்றான் மெல்ல. "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நான் இந்தக் குடும்பமே இல்ல. கெய்க் நியோ யாருன்னே எனக்குத் தெரியாது. வீடு வாங்கறதுக்காகப் பொய் சொல்லிட்டேன். இப்ப வெளிய போய் மாமாகிட்ட உண்மையச் சொல்லப் போறேன்."

ஹோங் அக்கா மீனைத் திருப்பிப் போட்டாள். அது சிவந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு எடுத்துத் தட்டில் வைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"சூடு ஆறுறதுக்குள்ள கொண்டுபோய் வையி தம்பி, அங்க உக்காந்திருக்கிற பதினோரு பேரும் ஒன்ன மாதிரி வீடு வாங்க வந்தவங்கதான், பெரியவருக்குன்னு சொந்தத்துல ஒரு ஆளு கெடையாது."