பீஸ்கட்டையின் மூன்று மருமகள்கள்

எங்கள் கம்பம் ஊரில் கரண்டு போனால் அப்போதெல்லாம் யாரும் கரண்டு ஆபீசைத் திட்டமாட்டார்கள். பீஸ்கட்டை இன்றைக்கு எந்த வீட்டில் வேலை பார்க்கிறார் என்றுதான் கேட்பார்கள்.

அவர் எலக்ட்ரீசியன். அப்படி அவர்தான் சொன்னார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக மெயினில் ப்யூஸ் கம்பி சுற்றிய பீஸ்கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வந்தால்தான் வெளிச்சம். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது.

ராயப்பன்பட்டியில் ஒரு கல்யாண வீட்டுக்கு சீரியல் லைட் கட்டினார். சுவிட்சைப் போட்டார். வீடே அணைந்தது. பெண்ணின் அப்பா சட்டையைப் பிடித்துவிட்டார்.

"வீடு இருட்டாக் கெடக்கு. என்னாய்யா வேல பாத்த?"

"அடுத்த தெருவ எட்டிப் பாருங்க. அங்கன எப்பிடி எரியுது!"

இந்த ஆளிடம்தான் என் பிழைப்பு மாட்டியது.

மெயின் ரோட்டில் ராவுத்தர் ஓட்டல் ஒன்றில் நான் சமையல் மாஸ்டர். புகையில் நின்று நின்று இளைப்பு வந்துவிட்டது. இனி புகை ஆகாது என்றார் டாக்டர். எனக்குத் தெரிந்த வேலை அடுப்பு ஒன்றுதான். முதலாளியின் மகன் துபாயிலிருந்து புகையை வெளியே தள்ளும் மூன்று ஸ்பீடு எக்ஸாஸ்ட் பேன் கொண்டுவந்திருந்தார்.

"இது ஓடுனா நீ இரு மாஸ்டர். ஓடலன்னா வேற ஆளுதேன் பாக்கணும். ஒன் உசுர எடுத்த பாவம் எனக்கு வேணாம்" என்றார் முதலாளி.

பீஸ்கட்டை வந்தார். பேனில் நாலு ஒயர் தொங்கியது. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம்.

"நாலும் ஒரே குடும்பம். ஒருத்தி ஆத்தா. மத்த மூணும் மருமகளுக. மூணு ஸ்பீடும் அவளுகதேன். ஒரு நேரத்துக்கு ஒருத்திதேன் அடுப்படிக்குள்ள போகணும். ரெண்டு பேரு போனா வீடு பத்திக்கிரும்."

"இதுல ஆத்தா எவ?" என்றேன்.

"கறுப்பு. நம்மூர்ல எல்லா வீட்லயும் கறுப்புதேன் ஆத்தா."

"இது துபாய் வீடுய்யா" என்றார் முதலாளி.

"எங்கன போனாலும் ஆத்தா ஆத்தாதேன்."

சுவிட்சைப் போட்டார். பேன் உறுமியது. சுற்றவில்லை. மோட்டார் மேல் தோசை ஊற்றலாம், அவ்வளவு சூடு. கருகிய வாடை வந்தது. பீஸ்கட்டையைப் பிடுங்கினார். பையில் போட்டார். போய்விட்டார்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம். சமையல்கட்டில் லைட் இல்லை. வறமிளகாய் நெடி ஏறியது. சாப்பிட வந்தவர்கள் இலையோடு எழுந்து வாசலுக்குப் போய் இருமினார்கள். நான் அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையே பயமாக இருந்தது.

டீக்கடையில் போய்ப் பார்த்தால் பீஸ்கட்டை இல்லை. சுருளிப்பட்டி பஸ் ஏறினாராம். எல்லார் கையிலும் செல்போன் வராத காலம். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"எங்கனய்யா போன?" முதலாளி கத்தினார்.

"சோத்துக்கு வீட்டுக்குப் போனேன். எங்க வீட்ல மூணு மருமகளுக்கும் சண்ட. ஆத்தா உள்ள வந்தாக. மூணும் அடங்கிப் போச்சுக. அங்கனதேன் வெளங்குச்சு."

பீஸ்கட்டையைச் சொருகினார். டெஸ்ட் பல்பை எடுத்தார். இரண்டிரண்டு ஒயராக வைத்துப் பார்த்தார். கறுப்பு, வெள்ளை, சிவப்பு மூன்றில் எந்த இரண்டை வைத்தாலும் பல்பு பளீரென்று எரிந்தது. நீலத்தோடு எதைச் சேர்த்தாலும் மங்கியது.

"பாத்தியா, இவளக் கண்டா மூணும் அடங்குதுக. நீலந்தேன் ஆத்தா. நான் அப்பவே நெனச்சேன்."

காலையில் கறுப்பு என்று அடித்துச் சொன்ன வாய் அது.

மாற்றிக் கட்டினார். பேன் சுற்றியது. புகை வெளியே போனது. நான் எழுந்து அடுப்புக்குப் போனேன். ஆனால் ஒன்றில் வைத்தால் பேய் வேகம். மூன்றில் வைத்தால் ஈகூட நகராது.

"தலகீழா இருக்கேய்யா" என்றார் முதலாளி.

"ஓட்டம் ஜாஸ்தி உள்ளவதேன் மூத்தவ. மூத்தவ இருக்கையில எளையவ முந்தலாமா? ஒண்ணாம் நம்பரு அவளுக்குத்தேன்."

எவ்வளவு சொல்லியும் மாற்றவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் இப்போது இல்லை. கரண்டு அவரை ஒன்றும் செய்யவில்லை. காய்ச்சலில் போனார்.

போன மாதம் ஓட்டலுக்கு ஒரு புது எலக்ட்ரீசியன் வந்தார். பேன் சுவிட்சைத் திருகிப் பார்த்துச் சிரித்தார்.

"எவன் மாஸ்டர் இப்பிடிக் கட்டுனது? ஒரு நிமிசம் இருங்க, மாத்தி விட்டுர்றேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூத்தவ இருக்கையில எளையவ முந்தலாமா?" என்றேன்.